அம்மாவின் பிளாஸ்டிக் பையும் அரசாங்கத்தின் செயலியும்

மலேசியாவின் பினாங்கில், ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பை தொங்குகிறது. அம்மாவின் இனிப்புநீர் (நீரிழிவு) சிகிச்சைப் புத்தகம், அடுத்த வருகைத் தேதி எழுதிய அட்டை, இரப்பர் வளையம் போட்ட இரத்தப் பரிசோதனைத் தாள்கள், எப்போதோ ஒரு தனியார் மருத்துவமனையில் எடுத்த இருதயச் சோதனையின் அறிக்கை, தீர்ந்துபோன மாத்திரை அட்டைகள் நான்கைந்து, எல்லாம் அதற்குள் இருக்கின்றன. எழுபத்திரண்டு வயது மனுஷியின் மருத்துவ விவரங்கள் ஒரே இடத்தில் சேர்ந்திருப்பது, எனக்குத் தெரிந்தவரை, அந்தப் பையில் மட்டும்தான்.

சென்ற ஆண்டு ஒரு நள்ளிரவில் அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டிப் பேச்சு குழறியபோது, பதற்றத்தில் பையை மறந்துவிட்டு அரசாங்க மருத்துவமனைக்கு ஓடினோம். அவசரப் பிரிவில் விரல் நுனியில் குத்திப் பார்த்ததும் சர்க்கரை வெகுவாக இறங்கியிருப்பது தெரிந்தது. உடனே குளுக்கோஸ் ஏற்றினார்கள். அதன் பிறகுதான் சிக்கல் தொடங்கியது. அம்மா என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று அந்த இளம் மருத்துவர் கேட்டார். மெட்ஃபோர்மின் மட்டும் என்றால் சர்க்கரை இப்படி இறங்குவது அரிது. கிளிக்ளசைட் போன்ற மாத்திரை என்றால், ஒரு முறை ஏற்றிவிட்ட பிறகும் மீண்டும் இறங்கக்கூடும் என்பதால் வீட்டுக்கு அனுப்பாமல் வைத்துக் கவனிக்க வேண்டும். அம்மாவோ, கண்ணைத் திறந்ததும், "வெள்ளையில பெருசு காலையில ஒன்னு, ராத்திரி ஒன்னு, அப்புறம் சின்னது ஒன்னு" என்றார். எல்லா மாத்திரைகளும் வெள்ளையாகத்தானே இருக்கின்றன!

அம்மா பல ஆண்டுகளாகச் சென்றுவரும் கிளினிக், அந்த மருத்துவமனையிலிருந்து காரில் பத்து நிமிடத் தொலைவில் இருக்கிறது. இரண்டும் ஒரே சுகாதார அமைச்சின் கீழ் இயங்குபவை. ஆனாலும் அங்கே எழுதிக்கொடுத்த மருந்தின் பெயரை இங்கே இருக்கும் மருத்துவரால் பார்க்க முடியவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு நான் வீட்டுக்கு ஓடிப் பையை எடுத்து வந்தேன். மருத்துவர்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவர் கேட்க வேண்டியதைக் கேட்டார், கிடைக்க வேண்டிய இடத்தில் பதில் இல்லை.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், போன வாரம் அதே அம்மாவுக்காகக் கிளினிக் தேதியை மாற்ற, அரசாங்கத்தின் சுகாதாரச் செயலியான மைசெஜாத்ராவோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன். பழைய கைத்தொலைபேசி எண்ணுக்கு உறுதிப்படுத்தும் குறியீடு போகிறது, அந்த எண் எப்போதோ முடங்கிவிட்டது. கடைசியில் நேரில் சென்று கேட்டதும், முகப்பிடத்தில் இருந்த தாதி ஒரு நிமிடத்தில் அட்டையில் தேதியை அடித்துவிட்டு வேறு தேதி எழுதிக் கொடுத்தார். கோவிட் காலத்தில், 2020ஆம் ஆண்டில், அந்தச் செயலி நாட்டுக்குப் பெரிதும் உதவியது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நம் அரசாங்கச் சுகாதாரத் துறையில் கணினிமயம் என்ற பெயரில் பெரும்பாலும் வாசலுக்குத்தான் வண்ணம் பூசியிருக்கிறார்கள் என்பது என் கருத்து. வரிசையில் நிற்பதும் எண் எடுப்பதும் தேதி போடுவதும் செயலிக்கு வந்துவிட்டன. அதாவது முகப்பிடத்து வேலையில் ஒரு பங்கு நோயாளியின் கைக்கு வந்திருக்கிறது. உள்ளே நோயாளியின் குறிப்பேடு ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்வதற்கு மட்டும் இன்னும் பிளாஸ்டிக் பைதான் வாகனம்.

இதில் வேதனை என்னவென்றால், இது யாருக்கும் தோன்றாத யோசனை இல்லை. 1997ஆம் ஆண்டில் வெளியான தொலைமருத்துவத் திட்ட வரைவிலேயே ஒவ்வொரு மலேசியருக்கும் வாழ்நாள் சுகாதாரப் பதிவு என்று எழுதியிருந்தார்கள். 1999இல் திறக்கப்பட்ட செலாயாங் மருத்துவமனை, காகிதமில்லா மருத்துவமனை என்று பெயர் வாங்கியது. 2001இல் மைகாட் என்ற அடையாள அட்டை அறிமுகமானபோது, அதன் சில்லில் அடிப்படைச் சுகாதார விவரங்களையும் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்த அட்டை இன்றும் அம்மாவின் சுருக்குப் பையில் இருக்கிறது. அதில் அந்த விவரம் எதையும் யாரும் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

ஏன் நடக்கவில்லை? பணம் ஒரு காரணம், பல காலகட்டங்களில் பல நிறுவனங்களிடம் வாங்கிய கணினி முறைகள் ஒன்றோடொன்று பேசாதது இன்னொரு காரணம். ஆனால் அரசியலை விட்டுவிட்டு இதைப் பேசுவது நேர்மையாகாது. 2018 மே மாதத்தில் சுகாதார அமைச்சரான டாக்டர் சுல்கிப்ளி அமாட்டுக்குப் பிறகு ஆடாம் பாபா, கைரி ஜமாலுடின், டாக்டர் சலிஹா முஸ்தபா ஆகியோர் வந்து, 2023 டிசம்பரில் மீண்டும் சுல்கிப்ளியிடமே அமைச்சு திரும்பியது. ஆறு ஆண்டுகள்கூட முடியாத காலத்தில் இத்தனை மாற்றங்கள். பதினைந்து ஆண்டுகளுக்கான சீர்திருத்தத்தை முன்வைத்த சுகாதார வெள்ளை அறிக்கையை 2023 ஜூன் மாதத்தில் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்டது. செயலி என்றால் ஓர் அமைச்சர் தம் காலத்திலேயே நாடா வெட்டித் திறந்துவைத்துவிடலாம், பதிவேடுகளை இணைக்கும் வேலைக்கு அந்த வசதி கிடையாது.

ஒரு ரிங்கிட்டுக்கு மருத்துவரையும் பார்த்து மருந்தையும் வாங்கிக்கொண்டு வரக்கூடிய நாட்டில் வாழ்ந்துகொண்டு குறை சொல்கிறாயே என்று சிலர் கேட்கக்கூடும். அந்த ஏற்பாட்டின் அருமை தெரிந்துதான் சொல்கிறேன். 2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி நாட்டின் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருக்கிறது. இவர்களில் பெரும்பாலோர் ஆயுள் முழுவதும் மாத்திரை சாப்பிட வேண்டியவர்கள். கிளினிக், மருத்துவமனை, தனியார் மருத்துவர் என்று மாறிமாறிப் போகிறவர்கள்.

மைகாட் அட்டையை வைத்தே காரியம் நடத்த முடியும் என்பதற்கு, அத்தியாவசியப் பொருள்கள் வாங்க அரசாங்கம் 2025 ஆகஸ்டு 31 முதல் வழங்கிய 100 ரிங்கிட் சாரா உதவியே சாட்சி. முதல் நாள் கணினி முறை திணறியது உண்மைதான். ஆனால் பிறகு அம்மா மளிகைக் கடைக்குத் தனியாகப் போய், மைகாட்டை நீட்டி, அரிசியும் சமையல் எண்ணெயும் வாங்கி வந்தார். செயலியும் கடவுச்சொல்லும் மகனும் தேவைப்படவில்லை.

பதிவுகள் இணைந்தால் அந்தரங்கம் என்னவாகும் என்ற அச்சத்தையும் நான் ஒதுக்கிவிடமாட்டேன். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூட்டரசு, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்துவதில்லை. என் பதிவை எந்த அதிகாரி எப்போது திறந்து பார்த்தார் என்று நான் அறியும் உரிமை சட்டத்தில் இருக்க வேண்டும். இணைப்பு அதற்குப் பிறகு வரட்டும், ஆனால் வரட்டும்.

இப்போதைக்கு, அந்த இரவுக்குப் பிறகு, மருந்துகளின் பெயரையும் அளவையும் ஒரு தடித்த அட்டையில் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, அம்மாவின் சுருக்குப் பையில் மைகாட்டுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். போன மாதம் கிளினிக்கில் ஒரு மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார்கள். நாளைக்கு அதைப் புதிதாக எழுத வேண்டும்.