10,000 கோடி டாலரும் பள்ளிச் சீர்திருத்தத்துக்கா போனது?

"2009-ல் ஒபாமா அரசு கல்விக்கு 10,000 கோடி டாலர் கொட்டியது, அமெரிக்க அரசுப் பள்ளிகள் தலைகீழாக மாறிவிட்டன" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தொகை ஏறக்குறைய சரி. மாற்றம் என்று சொல்வதுதான் தவறு.

அது பொருளாதார மந்தத்துக்கான ஊக்க நிதி. வரி வருவாய் சரிந்து மாநிலங்கள் ஆசிரியர்களை வீட்டுக்கு அனுப்பும் நிலையில் இருந்தன. அதனால் ஏறத்தாழ 4,860 கோடி டாலர் மாநில பட்ஜெட்டின் ஓட்டையை அடைக்கவே ஒதுக்கப்பட்டது. வேலைகள் தப்பின, அது சின்ன விஷயமில்லை. ஆனால் சம்பளம் போடுவது சீர்திருத்தம் ஆகாதே!

சீர்திருத்தம் என்று பெயர் சொல்லி வந்த 'ரேஸ் டு தி டாப்' போட்டிக்குக் கிடைத்தது 435 கோடி டாலர்தான். மாநிலங்கள் அனுப்பிய விண்ணப்பங்களை 500-க்கு மதிப்பெண் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். 2010 மார்ச்சில் முதல் சுற்றில் வென்றவை டெலவேர், டென்னசி இரண்டு மட்டுமே.

அப்புறம், மிகவும் பின்தங்கிய பள்ளிகளுக்கான மேம்பாட்டு மானியத்துக்கு ஊக்க நிதியிலிருந்து 300 கோடி. தலைமையாசிரியரை மாற்று, ஆசிரியர்களில் பாதிப் பேரை மாற்று என்றெல்லாம் நிபந்தனைகள். அமெரிக்கக் கல்வித் துறையின் ஆய்வுப் பிரிவே 2017 ஜனவரியில் வெளியிட்ட மதிப்பீடு, தேர்வு மதிப்பெண்ணிலோ பள்ளிப் படிப்பை முடிப்பதிலோ கல்லூரிச் சேர்க்கையிலோ குறிப்பிடத்தக்க தாக்கம் இல்லை என்கிறது. அந்த அறிக்கை அவர்களின் இணையதளத்தில் இலவசமாகவே இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்.

"பணம் மொத்தமும் வீண்" என்று இதையே திருப்பிப் போட்டு அனுப்புவதும் தவறுதான். இரண்டு செய்திகளில் எது வந்தாலும் தயவுசெய்து பகிராதீர்கள்.