சுக்கு இல்லை அம்மா, கால் பங்கு

போன வாரம் இங்கே மலேசியாவில் அம்மாவை இனிப்புநீர் (சர்க்கரை வியாதி) பரிசோதனைக்காக அரசாங்க கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். சுவரில் ஒரு தட்டுப் படம், மேலே ‘சுக்கு சுக்கு செபாரோ’. அம்மா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “சுக்கு போடச் சொல்றாங்களா?” என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கும் சிரிப்பு. மலாயில் சுக்கு என்றால் கால் பங்கு, செபாரோ என்றால் பாதி. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ, மீதிப் பாதி காய்கறியும் பழமும்.

சிரித்து முடித்த பிறகுதான் வயிறு எரிந்தது. எங்கள் வீட்டுத் தட்டில் பாதிக்கு மேல் சோறு. அரசாங்கம் விலையைக் கட்டிப்போட்டிருக்கும் சாமான்களைப் பாருங்களேன். சீனி கிலோ 2 வெள்ளி (ரிங்கிட்) 85 காசு. பாக்கெட் எண்ணெய் 2 வெள்ளி 50 காசு. உள்நாட்டு வெள்ளரிசி 10 கிலோ 26 வெள்ளி, கடையில் கிடைத்தால். கோதுமை மாவும் அதே கதைதான். இந்த நாலையும் கையில் கொடுத்தால் பூரி சுடலாம், ஜெம்புட் ஜெம்புட் என்கிற மாவு உருண்டை பொரிக்கலாம், மேலே சீனி போட்ட தே ஓ, அதாவது பால் இல்லாத டீ. தட்டில் பாதி இடம் கேட்கிற காய்கறிக்கு? தீபாவளி மாதிரி பெருநாள் சமயத்தில் சிலவற்றுக்கு உச்சவிலை வைப்பார்கள். மற்ற நாளில் மழை வைத்ததுதான் விலை.

சனிக்கிழமை சௌகிட் பாசாரில் (சந்தையில்) கெம்போங் மீன், அதாவது கானாங்கெளுத்தி, கிலோ 18 வெள்ளி. அரைக் கிலோ எடுத்தேன், ஆறு மீன். வீட்டில் ஐந்து பேர். ஆறாவது யாருக்கு என்று பிள்ளைகளுக்குள் சண்டை. வெண்டைக்காயைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன்.

நாட்டில் ஆறு பெரியவர்களில் ஒருவருக்கு இனிப்புநீர் என்று 2023 தேசிய சுகாதார ஆய்வு சொல்கிறது. இந்தியர்களிடம் இன்னும் அதிகம். இந்தப் பேச்சு எடுத்தாலே குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு மாமா, “நம்மாளுங்க நாக்கைக் கட்டமாட்டாங்க” என்று போட்டுவிடுவார். மாமாவுக்குப் பென்ஷன் வருகிறது. மாமி வேலைக்குப் போனதில்லை. 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தில் வாடகையும் பள்ளி வேன் காசும் போக மிஞ்சுவதை அவர் ஒரு மாதம் கையில் வாங்கிப் பார்க்கட்டும்.

பருப்பு, முட்டை, தெம்பே என்கிற புளித்த சோயாக் கட்டி, கீரை என்று மலிவாகச் சாப்பிட வழி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, செய்கிறேன். ஆனால் கீரைக்குக் காசு குறைச்சல், நேரம் அதிகம். வேலை முடிந்து செந்தூலில் வீட்டுக்கு வந்து சேர ஏழரை மணி. ஒரு கட்டு பாயாம் கீரை ஆய்ந்து, மண் போக மூன்று தண்ணீரில் அலசுவதற்குள் சின்னவன் மேகி கேட்டு அழுகிறான். எத்தனை கட்டு ஃபிரிட்ஜில் அழுகிப்போனது என்று கணக்குப் பார்த்தால் அந்தக் காசுக்கு ஒரு கோழி வாங்கியிருக்கலாம்.

இப்போதைக்கு எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே யாரோ நட்ட முருங்கைமரம் கைகொடுக்கிறது. நேற்று இரண்டு கொத்து ஒடித்து வந்தேன். அம்மா நாடகம் பார்த்துக்கொண்டே உருவுகிறார். நடுவில் ஒரு கேள்வி: “இதுக்குச் சுக்கு வேணாமா?”