கப்பம் கட்டியவர்கள்தான் கலகம் செய்தார்கள்

பழங்காலப் பேரரசுகளை எதிர்த்து மக்கள் ஏன் கிளர்ந்தார்கள் என்ற பேச்சு வந்தாலே இரண்டு பதில்கள்தான் வருகின்றன. சுதந்திர வேட்கை என்பார்கள் சிலர். சாலையும் சட்டமும் கொண்டுவந்து கொடுத்தவர்களை மதிக்கத் தெரியாத காட்டுமிராண்டிகள் என்பார்கள் வேறு சிலர். இரண்டாவது பதிலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரமாக வருகிறது, முதல் பதிலும் பாதிதான் சரி. ரோமானியப் பேரரசையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை உலுக்கிய கலகங்கள் பலவற்றைத் தொடங்கியவர்கள், ஏற்கெனவே ரோமோடு ஒத்துப்போய், கப்பம் கட்டி, அதன் படைக்குப் பிள்ளைகளை அனுப்பிக்கொண்டிருந்தவர்கள். ஒப்புக்கொண்டதற்கு மேல் கேட்டது ரோம்தான்.

இன்றைய நெதர்லாந்தின் வடகடல் ஓரத்தில் வாழ்ந்த ஃப்ரீசியர்களைப் பாருங்கள். ஏழை மக்கள் என்பதால் ட்ரூசஸ் என்ற ரோமானியத் தளபதி அவர்களிடம் பணம் கேட்காமல், படைக்குத் தேவையான மாட்டுத்தோலைக் கப்பமாகக் கொடுத்தால் போதும் என்று விட்டிருந்தார். தோல் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், எவ்வளவு தடிமன் என்றெல்லாம் யாரும் பார்க்கவில்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டு போனார்கள். அப்புறம் அந்தப் பகுதிக்கு அதிகாரியாக ஒலென்னியஸ் என்பவர் வந்தார். இனிமேல் தோலுக்கு ஓர் அளவு உண்டு என்றார். எந்த அளவு தெரியுமா? காட்டில் திரியும் ராட்சதக் காட்டெருதின் தோல் அளவு! அந்த மக்களின் வீட்டு மாடுகளோ சின்னவை. எத்தனை மாட்டை உரித்தாலும் அந்த அளவுக்கு ஒரு தோல்கூடத் தேறாது. கணக்கை நேர்செய்ய முதலில் மாடுகளையே கொடுத்தார்கள், பிறகு நிலத்தைக் கொடுத்தார்கள், கடைசியில் மனைவியையும் பிள்ளைகளையும் அடிமையாகக் கொடுத்தார்கள். முறையிட்டும் பார்த்தார்கள், கேட்பாரில்லை. கி.பி. 28-ல் தோல் வசூலிக்க வந்த சிப்பாய்களைப் பிடித்துத் தூக்கில் போட்டார்கள். ஒலென்னியஸ் தப்பியோடிக் கோட்டைக்குள் புகுந்துகொண்டார். அடுத்து நடந்த சண்டையில் ஒரே காட்டில் 900 ரோமானியர்கள் செத்தார்கள்.

இதையெல்லாம் எழுதி வைத்தது ஃப்ரீசியர்கள் இல்லை, டாசிட்டஸ் என்ற ரோமானியர். ஃப்ரீசியர்கள் தரப்பில் ஒரு வரிகூட மிஞ்சவில்லை. ஆட்சி செய்தவர்களின் ஏட்டிலேயே இவ்வளவு இருக்கிறதென்றால், ஏட்டில் ஏறாதது எவ்வளவு இருந்திருக்கும்!

பிரிட்டனில் நடந்தது இதைவிடக் கொடுமை. ஐசீனி மக்களின் அரசன் பிரசுட்டாகஸ் ரோமுக்கு நண்பன். சாகும்போது தன் சொத்துக்கு இரண்டு மகள்களோடு சேர்த்துப் பேரரசன் நீரோவையும் வாரிசாக எழுதி வைத்தான். ஒரு பங்கைக் கொடுத்துவிட்டால் மீதியையாவது விட்டுவைப்பார்கள் என்ற கணக்கு. நடந்தது என்ன? அதிகாரிகள் வந்து மொத்தத்தையும் சூறையாடினார்கள். அரசி பூடிக்காவைச் சாட்டையால் அடித்தார்கள், மகள்கள் இருவரையும் வன்புணர்ந்தார்கள், பெரிய குடும்பங்களின் பரம்பரை நிலங்களைப் பறித்தார்கள். போதாததற்கு, முந்தைய பேரரசன் கிளாடியஸ் அங்கிருந்த தலைவர்களுக்குக் கொடுத்த பணத்தையெல்லாம் திருப்பிக் கட்டச் சொன்னார் வரி அதிகாரி காட்டஸ் டெசியானஸ். தத்துவ ஞானி என்று நாம் படிக்கிற செனிகா, வேண்டாம் என்றவர்கள் தலையில் 4 கோடி செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) கடனைக் கட்டிவிட்டு, அதை ஒரே மூச்சில் திருப்பிக் கேட்டார் என்று எழுதுகிறார் வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ.

பக்கத்தில் இருந்த டிரினோவாண்டஸ் மக்களின் கதையும் இதேதான். ஓய்வுபெற்ற ரோமானியச் சிப்பாய்கள் இன்றைய கொல்செஸ்டரில் குடியேறி, இவர்களை வீட்டை விட்டும் நிலத்தை விட்டும் துரத்தினார்கள். அங்கே செத்துப்போன கிளாடியஸுக்கு ஒரு கோயில் எழுப்பி, பூசாரிப் பதவியை உள்ளூர்ப் பெரிய மனிதர்களுக்கே கொடுத்தார்கள். பதவி என்று பேர், கைச்செலவில் குடும்பமே திவாலாகிவிடும். கி.பி. 60-61-ல் பூடிக்காவின் படை முதலில் போய்க் கொளுத்திய ஊர் எது என்று கேட்க வேண்டுமா? அடுத்து லண்டன், அதற்கடுத்து வெருலாமியம் (இன்றைய செயின்ட் ஆல்பன்ஸ்). சுமார் 70,000 பேர் செத்ததாக டாசிட்டஸ் சொல்கிறார். அதில் சிப்பாய்களைவிடச் சாதாரண மக்கள்தான் மிகுதி, ரோமோடு சேர்ந்து வாழ்ந்த உள்ளூர்க்காரர்களும் உண்டு. அந்தக் கொலைகளை நான் நியாயப்படுத்தவில்லை, எந்தக் கலகத்தையும் புனிதமாக்க வேண்டியதும் இல்லை. ஆனால் அந்த நெருப்புக்கு விறகு அடுக்கியவர்கள் யார் என்று சொல்லாமல் விட்டால் அது வரலாறே இல்லை.

யூதேயாவில் கி.பி. 66-ல் ஆளுநர் ஃபுளோரஸ் எருசலேம் கோயில் கருவூலத்திலிருந்து 17 தாலந்து (அக்காலத்தில் பெருந்தொகையைக் குறிக்கும் பண அளவு) எடுத்துக்கொண்டார். அங்கே மத உணர்வும் பெரிய காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் கலகக்காரர்கள் ஆரம்பத்திலேயே தீ வைத்த இடங்களில் ஒன்று கடன் பத்திரங்கள் இருந்த ஆவணக் காப்பகம். கடன் கொடுத்தவர்களும் வாங்கியவர்களும் அதே ஊர்க்காரர்கள். பேரரசின் நிழலில் கொழுத்த உள்ளூர்ப் பணக்காரர்கள் மேல் இருந்த கோபமும் அதில் சேர்ந்துதான் எரிந்தது.

மூன்று ஆண்டுகள் கழித்துக் கிளர்ந்த, இன்றைய நெதர்லாந்தில் ரைன் நதியோரம் வாழ்ந்த பட்டாவியர்களோ வரியே கட்டாதவர்கள், ரோமின் படைக்கு ஆள் மட்டும் கொடுத்தவர்கள். அதிலும் வசூல் புகுந்தது. ஆள் பிடிக்க வந்த அதிகாரிகள் கிழவர்களையும் நோயாளிகளையும் வேண்டுமென்றே பிடித்து, பணம் வாங்கிக்கொண்டு விட்டார்கள். சின்னப் பையன்களை வேறு எதற்கோ இழுத்துப் போனார்கள். கலகத்துக்குத் தலைமை தாங்கிய சிவிலிஸ் 25 ஆண்டுகள் ரோமானியப் படையில் வேலை பார்த்தவர்.

வேலியே பயிரை மேய்ந்த கதை. பால்கன் பகுதியில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் போரிட்டு கி.பி. 9-ல் சரணடைந்த கலகத் தலைவர் பாட்டோவிடம், பின்னாளில் பேரரசனான டைபீரியஸ், ஏன் கலகம் செய்தாய் என்று கேட்டார். உங்கள் மந்தையைக் காக்க நாயையும் மேய்ப்பனையும் அனுப்பாமல் ஓநாய்களை அனுப்பினீர்கள், அதனால்தான் என்று பாட்டோ பதில் சொன்னதாக டியோ எழுதுகிறார்.

ஒத்துப்போனவர்களைக் கோழைகள் என்று நினைக்காதீர்கள். எதிரியின் பலம் தெரிந்து, கட்ட வேண்டியதைக் கட்டிவிட்டு நிலத்தையும் பிள்ளைகளையும் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தவர்கள் அவர்கள். கட்டிய பிறகும் நிலம் போனது, பிள்ளைகளும் போனார்கள். அதற்கு மேல் பொறுமையாக இருந்து எதைக் காப்பாற்றுவது?

ரோமில் இது யாருக்கும் புரியாமல் இல்லை. பூடிக்கா தோற்ற பிறகு ஆளுநர் சூட்டோனியஸ் பாலினஸ் பழிவாங்கும் வெறியில் ஊர் ஊராக அழித்துக்கொண்டிருந்தார். தப்பியோடிய டெசியானஸின் இடத்துக்கு வந்த வரி அதிகாரி கிளாசிசியானஸ், இந்த ஆளுநர் இருக்கும்வரை சண்டை ஓயாது, வேறு ஆளை அனுப்புங்கள் என்று ரோமுக்கு எழுதினார். அவர் லத்தீன் பேசும் ரோமானியர்தான், ஆனால் கால் (Gaul, இன்றைய பிரான்ஸும் அதன் சுற்றுப்புறமும்) என்ற நாட்டிலிருந்து வந்த குடும்பம். அவருடைய மனைவி, டிரெவரி இனத்து ஜூலியஸ் இண்டஸின் மகள். அந்த இனத்தில் ஒரு பிரிவினர் கி.பி. 21-ல் கடன் தாங்காமல் கலகம் செய்தபோது ரோமின் பக்கம் நின்று அதை அடக்கியவர் அந்த இண்டஸ். கடனும் வசூலும் ஒரு மக்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பது அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்திருக்கத்தான் வேண்டும். சூட்டோனியஸை மாற்றினார்கள், புதிய ஆளுநர் வந்தார், சண்டை ஓய்ந்தது. பிரசுட்டாகஸ் இறந்தபோதே இப்படி ஓர் ஆள் அந்த நாற்காலியில் இருந்திருந்தால், மூன்று ஊர்களும் எரிந்திருக்கத் தேவையே இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.