நெருப்பெறும்பும் நானும் என் நாயும்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஒரு கிராமத்துக்குக் குடிவந்ததிலிருந்து நாயை வெளியே விடுவதே பெரிய வேலையாகிவிட்டது. கொல்லையில் எங்கே கால் வைத்தாலும் நெருப்பெறும்புப் புற்று. 1930களில் இந்த மாநிலத்து மொபீல் துறைமுகம் வழியாகத் தென் அமெரிக்காவிலிருந்து வந்திறங்கிய சனியன் இது. மருந்து போட்டால் நாலடி தள்ளிப் புதுசாக ஒரு புற்று. கடிபட்டு நொண்டிக்கொண்டே நாய் என்னைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, ஏதோ நான்தான் எறும்பு வளர்க்கிற மாதிரி!

உண்ணியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். காது மடல், அக்குள், விரலிடுக்கு என்று தடவிப் பார்ப்பதிலேயே ராத்திரி போய்விடுகிறது. கொசு கடித்தால் இதயப்புழு வருமாம், அதற்கு மாசாமாசம் மாத்திரை. "குளிர்காலத்திலாவது நிறுத்தலாமா டாக்டர்?" என்றேன். "இங்கே ஏதுங்க குளிர்காலம்?" என்று சிரித்தார்.

நவம்பரில் மான் வேட்டை வேறு. மானென்று நினைத்துச் சுட்டுவிடுவார்களோ என்று, நாய்க்கு ஆரஞ்சுச் சட்டை மாட்டாமல் காட்டுப் பக்கம் கூட்டிப்போகப் பயமாயிருக்கிறது. (எனக்கும் ஒன்று வாங்கியாயிற்று.)

பக்கத்து வீட்டுக்காரர் தங்கமான மனுஷர், தோட்டத்துத் தக்காளியெல்லாம் கொடுப்பார். ஆனால் அவர் வீட்டு நாய்களுக்குக் கட்டும் கிடையாது, வேலியும் கிடையாது. "அதுங்க ஒண்ணும் பண்ணாது" என்பார். அதை என் நாயிடமல்லவா சொல்ல வேண்டும்?