அந்தக் கணக்கை எங்களுக்கும் காட்டுங்கள்

நேற்று ராத்திரி, முன்கூட்டியே பணம் கட்டும் எங்கள் மின் மீட்டரில் சிவப்பு விளக்கு மினுக்க ஆரம்பித்தது. அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, டோக்கன் சீட்டை வெளிச்சத்தில் பிடித்து, 20 இலக்கத்தையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித் தட்டினார். பதினாறாவது தப்பாகிவிட்டது. மறுபடி முதலிலிருந்து. கடைசியில் யூனிட் ஏறியதும், "இவ்வளவுதானா?" என்றார். போன மாதம் போட்ட அதே 200 ரேண்டுதான். ஜூலை 1 வந்துவிட்டது, வேறொன்றுமில்லை.

தென்னாப்பிரிக்காவில், டர்பனில் இருக்கிறவர்களுக்கு இது புதுசில்லை. அரசு மின் நிறுவனமான எஸ்காம் தன் விலையை ஏப்ரலில் ஏற்றும். அதனிடம் மொத்தமாக வாங்கி விற்கிற நகராட்சிகள் ஜூலையில் ஏற்றும். இரண்டுக்கும் அனுமதி கொடுப்பது நெர்சா என்கிற எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம்.

எனக்கு வயிறு எரிவதே அந்த இடத்தில்தான். ரொட்டி விலை ஏறினால் அடுத்த கடைக்குப் போவேன். கரண்டுக்கு எங்கே போவது? வீட்டுக்கு ஒரே ஒரு கம்பிதான் வருகிறது. போட்டி இல்லாததால் கேள்வி கேட்க ஓர் ஆள் வேண்டும் என்றுதான் ஒழுங்குமுறை ஆணையம் வைக்கிறார்கள். 2004ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த நெர்சாவுக்கும் அதுதான் வேலை. நிலக்கரி, சம்பளம், பராமரிப்பு, தேய்மானம், அப்புறம் போட்ட சொத்தின் மேல் நியாயமான ஒரு வருமானம். எல்லாவற்றையும் கூட்டி, விற்கப்போகும் யூனிட்டால் வகுத்தால் விலை. இதில் வீண்செலவை வெட்டி எறிவதுதான் ஆணையம் நமக்குச் செய்ய வேண்டியது. சொத்து மதிப்பில் கை வைத்தால் தேய்மானம், வருமானம் இரண்டும் சேர்ந்து நகரும். அதனால் அங்கே பிசகவே கூடாது.

அங்கேதான் பிசகினார்கள். 2025-26க்கு எஸ்காம் கேட்டது 36.15 சதவீதம், கிடைத்தது 12.74. சரி, வெட்டினார்களே என்று நினைத்தேன். சில மாதத்தில் கணக்கில் தவறு என்றார்கள். எஸ்காமுக்குக் குறைவாகப் போட்டுவிட்டார்களாம், 5,400 கோடி ரேண்டு! முதலில் நம்மைக் கேட்காமலே எஸ்காமோடு பேசி முடித்து, 2026-27க்கு 5.36 என்று சொல்லியிருந்த ஏற்றத்தை 8.76 என்று மாற்றி அறிவித்தார்கள். தப்பாகக் கூட்டியவர்கள் அவர்கள், கட்டுவது அம்மாவா?

நகராட்சி விலை இன்னும் மோசம். வழங்கும் செலவைப் பார்க்காமல் பொத்தாம்பொதுவாகச் சதவீதம் போட்டு அனுமதிப்பது சட்டவிரோதம் என்று 2022 அக்டோபரிலேயே பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆணையம் தானாகச் செய்ய வேண்டியதை நீதிமன்றம் போய்ச் சொல்ல வைக்க வேண்டியிருந்தது.

வசதியுள்ளவர்கள் கூரையில் சோலார் போட்டுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, லோட்ஷெடிங் என்கிற மின்வெட்டில் பட்ட பாடு அப்படி. ஆனால் விற்கிற யூனிட் குறைகிறது, கம்பிக்கும் கம்பத்துக்கும் ஆகிற செலவு குறைவதில்லை. மிச்சமிருக்கிற வீடுகளின் தலையில்தான் அது விழுகிறது. அம்மா கீசரை அணைத்தே வைத்திருக்கிறார். இந்தக் குளிரில் கெட்டிலில் தண்ணீர் சுடவைத்து வாளியில் கலந்து குளிக்கிறார்.

விலை ஏறவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு யூனிட்டில் எஸ்காமுக்கு எவ்வளவு, நகராட்சிக்கு எவ்வளவு, அதில் வீணாய்ப் போனது எவ்வளவு என்று, விலை பற்றிய பொது விசாரணைக்கு முன்னாலேயே எல்லோருக்கும் புரிகிற மாதிரி ஒரே தாளில் போடுங்கள். அம்மா 20 இலக்கத்தைப் பிழையில்லாமல் தட்டினால்தான் வீட்டில் விளக்கு எரிகிறது. உங்கள் கூட்டலும் அதே மாதிரி பிழையில்லாமல் இருக்கட்டும்.