வேட்டைக்காரர்களின் பின்னால்

நாவல் நம்மை அறியாத உலகத்துக்குள் கூட்டிப்போகும், ஓவியம் வாசலிலேயே நிறுத்திவிடும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பீட்டர் புரூகல் 1565இல் வரைந்த ‘பனியில் வேட்டைக்காரர்கள்’ ஓவியத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். (அசல் வியன்னாவில் இருக்கிறது, நான் பார்த்தது கணினித் திரையில்தான்.) வேட்டைக்காரர்கள் நமக்கு முதுகைக் காட்டியபடி சரிவில் இறங்குகிறார்கள், நாமும் பின்னாலேயே போய்விடுகிறோம். ஒருவர் தோளில் சாய்த்த கம்பில் ஒரே ஒரு நரி. நாய்களும் தலையைத் தொங்கப்போட்டு நடக்கின்றன. வேட்டை சரியில்லை என்று யாரும் சொல்லவேண்டியதில்லை. இடப்பக்கம் விடுதியின் பெயர்ப்பலகை ஒற்றைக் கொக்கியில் தொங்குகிறது. கீழே உறைந்த குளத்தில் சறுக்கி விளையாடுகிறார்கள். பனிப்பொழிவையே பார்த்திராத எனக்கு அந்த ஊர் பிடிபட்டது இப்படித்தான். சில நாவல்களில் முதல் ஐம்பது பக்கம் ஊர் வர்ணனையே ஓடும். எனக்குத் தூக்கம் வந்துவிடும்.