கடிதம் மாறிப் போனதாம்!

லிப்டன் கோப்பை என்ற பழைய கால்பந்துக் கோப்பையைப் பற்றிய அந்தக் காணொளியை நண்பர்கள் பலரும் எனக்கு அனுப்பிவிட்டீர்கள். ‘உங்கள் மலைநாட்டுத் தேயிலை முதலாளி கொடுத்த கோப்பை’ என்ற குறிப்பும் சிரிப்புப் பொம்மைகளும் கூடவே வந்தன. முழுவதும் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1909-இல் இத்தாலியின் டூரின் நகரில் நடந்த சர் தாமஸ் லிப்டன் கோப்பைப் போட்டிக்கான அழைப்பு, இன்று ஆர்சனல் என்று அறியப்படும் உல்விச் ஆர்சனல் கழகத்துக்குப் போயிருக்க வேண்டியது என்றும், ‘டபிள்யூ. ஏ.’ என்ற ஆங்கில முதலெழுத்துக் குழப்பத்தால் இங்கிலாந்தின் டர்ஹம் மாவட்டத்து நிலக்கரிச் சிற்றூரான வெஸ்ட் ஆக்லாந்துக்குப் போய்விட்டது என்றும் காணொளி போட்ட தம்பி சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறார். நல்ல கதைதான். ஆனால் அப்படியொரு கடிதத்தை யாரும் எடுத்துக் காட்டி நான் பார்த்ததில்லை. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் அந்தப் போட்டிக்கு அணி அனுப்ப மறுத்தது என்பதும், வடகிழக்கு இங்கிலாந்தின் அமெச்சூர் போட்டித் தொடரான நார்தர்ன் லீக்கில் ஆடிக்கொண்டிருந்த இந்தச் சுரங்கத் தொழிலாளர்கள் கடல் கடந்து போனார்கள் என்பதும், ஸ்டுட்கார்ட் அணியையும் இறுதியாட்டத்தில் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் அணியையும் தலா 2-0 என்று வென்றார்கள் என்பதும்தான் வரலாறு. சரி, கடிதம் மாறித்தான் போனது என்றே வைத்துக்கொள்வோம். அந்த நான்கு கோல்களையும் தபால்காரரா அடித்தார்?

காணொளியில் 1911 என்ற ஆண்டே வரவில்லை. கோப்பையைக் காத்துக்கொள்ள அதே சிற்றூர் அணி மீண்டும் டூரினுக்குப் போனது. சூரிச் அணியை 2-0 என்றும், இறுதியாட்டத்தில் யுவென்டஸை 6-1 என்றும் தோற்கடித்து, கோப்பையை நிரந்தரமாகத் தன்னுடையதாக்கிக்கொண்டது. இரண்டாவது முறையும் முகவரி மாறிவிட்டதா?

‘அன்றைய யுவென்டஸ் இன்றைய யுவென்டஸ் அல்லவே’ என்று யாராவது வருவீர்கள். உண்மைதான். ஆனால் எதிரில் நின்றவர்களும் பூமிக்கடியில் நிலக்கரி வெட்டிப் பிழைத்தவர்கள்தானே. ‘அதை முதல் உலகக் கோப்பை என்பது மிகை’ என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன், அது மிகைதான். ‘சுவாரசியத்துக்குச் சொன்னதற்கு இவ்வளவு கோபமா’ என்பவர்களுக்கு மட்டும் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் அப்பா தோட்டத்து அணியில் பந்தாடியவர். ஒருமுறை அவர்கள் டவுன் அணியை வென்றபோது, பரிசு கொடுக்க வந்த பெரிய மனிதர் மேடையேறி, மழையில் மைதானம் சேறாகிவிட்டதால் டவுன் பிள்ளைகளால் தங்கள் இயல்பான ஆட்டத்தை ஆட முடியவில்லை என்று வருத்தப்பட்டாராம். சேறு இரண்டு அணிக்கும் பொதுதானே என்று அப்பா கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார். தோட்டத்து லயத்துப் பிள்ளைகள் ஜெயித்தால் காரணம் மழை. சுரங்கத்துப் பிள்ளைகள் ஜெயித்தால் காரணம் தபால். உழைக்கிறவனுக்கு ஆடவும் தெரியும் என்று சொல்ல மட்டும் யாருக்கும் வாய் வருவதில்லை.

லிப்டனுக்கு இந்தச் சங்கடம் எதுவும் இல்லை. 1890-இல் இலங்கையில் தோட்டங்கள் வாங்கியவர் அவர். அப்புத்தளைக்கு மேலே அவர் உட்கார்ந்து பார்த்ததாகச் சொல்லப்படும் இடத்துக்கு ‘லிப்டன் சீட்’ என்று பெயர். போகிறவர்கள் எல்லோரும் அங்கே படம் எடுத்துக்கொள்கிறார்கள். கீழே சரிவில் கொழுந்து பறிப்பவர்களின் பெயரை ஒரு பலகையிலும் நான் பார்த்ததில்லை. கோப்பைக்கும் அவர் பெயர்தான். அதை வென்றவர்களில் ஒருவர் பெயரையாவது அந்தத் தம்பி சொன்னாரா?

வென்றவர்களுக்கு மிஞ்சியது கடன். அந்தக் கோப்பையையே ஊர் விடுதிக்காரப் பெண்மணியிடம் 40 பவுண்டுக்கு ஈடு வைத்தார்கள். 1960-இல்தான் 100 பவுண்டு கொடுத்து மீட்டார்கள். 1994-இல் அதுவும் திருட்டுப் போனது. இன்று இருப்பது நகல். பத்து நிமிடக் காணொளியில் இதற்கு ஒரு வாக்கியம்கூட இல்லை.

அதே வெஸ்ட் ஆக்லாந்துக் கழகம் 2012-இலும் 2014-இலும், கீழ்நிலைக் கழகங்களுக்கான எஃப்.ஏ. வாஸ் கோப்பையின் இறுதியாட்டத்துக்காக லண்டனின் வெம்பிளி அரங்கம்வரை போனது. முதலில் டன்ஸ்டனிடம் 2-0, பிறகு ஷோலிங்கிடம் 1-0 என இரண்டிலும் தோற்றது. அந்தத் தோல்விகளுக்குத் தபால் துறையைக் காரணம் காட்டி யாரும் காணொளி போட்டதாகத் தெரியவில்லை.